நூறு வயது வகுப்பறைக்கு சிமென்ட் ஆகாது

"சார், போன வருஷம்தான் பூசினோம். அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு" என்றார் தலைமையாசிரியர். தஞ்சைப் பக்கம் ஒரு பழைய பள்ளி. ஆறாம் வகுப்புச் சுவர் இடுப்பு உயரம்வரை பொருமி நின்றது. பெயர்த்துப் பார்த்தால் சிமென்ட் பூச்சு கெட்டியாகத்தான் இருக்கிறது. பின்னால் இருந்த செங்கல்தான் விரலில் மாவாக உதிர்ந்தது.

தரையிலிருந்து ஓதம் ஏறுவது பழைய சுவருக்குப் புதிதல்ல. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. ஈரம் இன்னும் மேலே ஏறும். கூடவே வரும் உப்பு, பூச்சுக்குப் பின்னால் தங்கிச் செங்கல்லை அரிக்கும்.

அண்ணாந்து பார்த்தேன். மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகள்மேல் சின்னச் செங்கற்களைக் கோணலாக, குத்துவாட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டித் தட்டி இறுக்கிய தளம். ஒரு கம்பிகூடக் கிடையாது. ஒழுகுகிறதே என்று அதன்மேல் இரண்டு அங்குலம் சிமென்ட் கலவை போட்டிருந்தார்கள். இருபதுக்கு இருபது அடி அறைக்கு அது ஏறக்குறைய 4 டன்! மாடியில் ஏறிப் பார்த்தபோது, மழைத்தண்ணீர் இறங்கும் தூம்பில் வேப்பிலைக் குப்பையும் ஒரு ரப்பர் பந்தும் அடைத்துக் கிடந்தன. ஒழுகலுக்குக் காரணம் அவ்வளவுதான்.

2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன்பின் மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களை இடித்தார்கள். அது வேண்டியதுதான். ஆனால் பழசெல்லாம் பழுது என்று சிலர் முடிவுகட்டுவதும், வெள்ளையடித்தால் சரியாகிவிடும் என்று சிலர் இருப்பதும் என் வேலையில் தினசரிக் காட்சி.

உங்கள் ஊர்ப் பள்ளியில் இந்த வகைத் தளம் இருந்தால், முதலில் கட்டை சுவருக்குள் நுழைகிற இடத்தைப் பாருங்கள். கைப்பிடிச் சுவரில் இறங்கும் தண்ணீர் அங்கேதான் தேங்கும். கரையானும் அங்கேதான் தொடங்கும். நடுக்கட்டை பளபளவென்று இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். அந்த ஆறாம் வகுப்பில் மூன்று கட்டைகளின் முனையில் என் ஸ்க்ரூடிரைவர் அரை விரல் ஆழம் இறங்கியது. பிள்ளைகளை அன்றைக்கே வேப்பமரத்தடிக்கு அனுப்பி, அறையைப் பூட்டச் சொன்னேன். தளத்துக்கு முட்டுக் கொடுத்து, சிமென்டைச் சுரண்டி எடுத்து, மூன்று கட்டைகளையும் மாற்றிய பிறகுதான் சாவி திரும்பக் கிடைத்தது.