கூரை கோணினால் சுவரைப் பாருங்கள்

வீடு வரையும் மென்பொருளில் சுவர்களை எழுப்பிவிட்டுக் கூரைப் பொத்தானை அழுத்தினால் முகடும் சாய்வும் ஒரு நொடியில் வந்து உட்காருகின்றன. அந்தக் கூரையை யாரும் வரையவில்லை. சுவர்களை வைத்துக் கணக்குப் போட்டு எடுத்தது அது. அதனால் கூரை கோணலாக வந்தால் அதையே பிடித்து இழுத்துச் சரிசெய்யப் பார்ப்பது வீண் வேலை. பிழை பெரும்பாலும் கீழே ஒரு சுவரில் இருக்கும்.

கணக்கு எளிமையானது. வீட்டின் வெளிக்கோடுகள் எல்லாம் ஒரே வேகத்தில் உள்நோக்கி நகர்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். நகரும்போது ஒவ்வொரு மூலையும் ஒரு கோடு இழுத்துக்கொண்டே போகும். வெளியே துருத்தும் மூலை இழுக்கும் கோடு மூலை முகடு. உள்ளே மடங்கும் மூலை இழுக்கும் கோடு கூடல்வாய். எதிரெதிர்க் கோடுகள் சந்திக்கும் இடம் நடு முகடு. 20 அடிக்கு 30 அடி வீட்டில் கோடுகள் 10 அடி நகர்ந்ததும் சந்தித்துவிடும். நடுவில் 10 அடி நீள முகடு மிஞ்சும். எந்த இடத்தின் உயரமும் அது சுவரிலிருந்து இருக்கும் தூரத்தைச் சாய்வால் பெருக்கினால் கிடைக்கும். 30 டிகிரிச் சாய்வுக்கு அடிக்கு 0.577 அடி ஏறும். 10 அடிக்கு 5 அடி 9 அங்குலம். 1995இல் ஐக்ஹோல்சர், அவுரென்ஹாமர், ஆல்பர்ட்ஸ், கெர்ட்னர் என்ற நால்வர் இந்தக் கோட்டு வடிவத்துக்கு ‘நேர்கோட்டு எலும்புக்கூடு’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். ஓட்டு வீடு கட்டிய தச்சர்கள் ஓட்டைத் தாங்கும் சாய்ந்த கைமரத்தை அளந்தபோது செய்ததும் இதே கணக்குதான்.

எல்லாக் கோடுகளும் நகர வேண்டும் என்பதில்லை. குறுகலான இரண்டு பக்கங்களுக்கும் ‘சாய்வு இல்லை’ என்று சொல்லிவிட்டால் அங்கே முக்கோணச் சுவர் எழும். முகடு முழு 30 அடிக்கும் ஓடும். ரெவிட் என்ற மென்பொருளில் ஒவ்வொரு ஓரத்துக்கும் இதற்கென ஒரு டிக் உண்டு. சீஃப் ஆர்கிடெக்ட் என்ற மென்பொருளில் சுவரின் அமைப்புகளைக் காட்டும் பெட்டிக்குள்ளேயே கூரைக்கான பகுதி இருக்கிறது. அமெரிக்க மென்பொருள் சாய்வை டிகிரியில் கேட்காமல் 12 அங்குல ஓட்டத்துக்கு எத்தனை அங்குல ஏற்றம் என்று கேட்கலாம். 7 என்று கொடுத்தால் 30 டிகிரிக்குச் சற்று மேலே வரும்.

அடிக்கடி கெடும் இடம் ஒன்று. 9 அங்குலச் சுவரோடு நாலரை அங்குலச் சுவரைச் சேர்க்கும்போது நடுக்கோட்டை வைத்து இணைத்தால் வெளிமுகம் இரண்டேகால் அங்குலம் உள்வாங்கிவிடும். நம் கண்ணுக்கு அது ஒரே சுவர். மென்பொருளுக்கோ அங்கே இரண்டேகால் அங்குல நீளத்தில் புதிதாக ஒரு பக்கம் முளைத்திருக்கிறது. அதற்கும் ஒரு சாய்வு, ஒரு மூலை முகடு, ஒரு கூடல்வாய் என்று கூரையில் கீற்றுப்போல ஒரு மடிப்பு விழும். வெளிமுகங்களை ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்தால் மடிப்பு தானே மறையும்.

மதுரைப் பக்கத்துப் பழைய முற்றம் வைத்த வீட்டை வரைபவர்களுக்கு இன்னொரு சோதனை. முற்றத்தையும் ஓர் அறையாக எண்ணி மென்பொருள் அதன் மேலும் கூரை போட்டுவிடும். திறந்தவெளி என்று குறித்தால்தான் உள்பக்கச் சாய்வுகள் பிறக்கும். அப்போது முற்றத்தின் நான்கு மூலையிலும் கூடல்வாய் விழும். கூரைத் தண்ணீர் அங்கேதான் திரண்டு வரும். தகரக் குழாயை அந்த மூலைகளில் வரையுங்கள்.

அடுத்தது இறவாணத்தின், அதாவது சுவரைத் தாண்டி நீளும் கூரை ஓரத்தின் மட்டம். சுவர்த்தலை 8 அடியில் இருக்க, 30 டிகிரிக் கூரையை 2 அடி வெளியே நீட்டினால் ஓரம் 14 அங்குலம் இறங்கும். 6 அடி 10 அங்குலத்தில் நிற்கும். சிட்-அவுட்டுக்கு மட்டும் 20 டிகிரி வைத்து, நீட்டம் அதே 2 அடி என்றால் அங்கே இறக்கம் 9 அங்குலம்தான். கூரை ஓரத்தை மூடும் இரண்டு ஓரப்பலகைகளும் மூலையில் 5 அங்குலம் தப்பி நிற்கும். ஒன்று, சிட்-அவுட்டின் சுவர்த்தலையை 5 அங்குலம் இறக்க வேண்டும். அல்லது அந்தப் பக்க நீட்டத்தை 38 அங்குலமாக்க வேண்டும். பலகையை அகலமாக்கி மூடுவது திரையில் அழகாகத் தெரியும், மரத்தில் தெரியாது.

பட்டை, கார்னிஸ், ஜன்னல் ஓரம் எல்லாமே ஒரே வித்தையில் பிறப்பவை. ஒரு வெட்டுமுகத்தை, அதாவது குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவத்தை, வரைந்து அதை ஒரு பாதை வழியே இழுத்துச்செல்ல வேண்டும். ஸ்கெட்ச்அப் என்ற மென்பொருளில் அந்தக் கருவியின் பெயர் ஃபாலோ மீ. வெட்டுமுகம் பாதைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், பாதை எங்கும் அறுந்திருக்கக் கூடாது. கோயில் மண்டபத்தின் வளைந்த கல் இறவாணமான கொடுங்கை போல நுணுக்கமான வளைவு என்றால் ஸ்கெட்ச்அப்பில் சில முகங்கள் உருவாகாமல் ஓட்டை விழும், ஏனென்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறைந்த தூரத்தில் உள்ள புள்ளிகளை அது ஒன்றாகவே எண்ணும். அதை நூறு மடங்கு பெரிதாக்கி வரைந்து, பிறகு சுருக்குங்கள்.

முக்கோணச் சுவரின் சாய்ந்த பலகையும் கிடைமட்டப் பலகையும் சேரும் மூலை தனிக் கதை. 6 அங்குலப் பலகையை 30 டிகிரி சாய்த்துச் செங்குத்தாக அறுத்தால் அறுத்த முகம் 6.93 அங்குலம் வரும். 6 அங்குலத்தோடு பொருந்தச் சாய்ந்த பலகையின் அகலம் 5.2 அங்குலமாக வேண்டும். பூ வேலை செய்த பட்டையானால் அகலத்தைக் குறைத்தால் மட்டும் போதாது, சாய்ந்த பக்கத்துக்கு வெட்டுமுகத்தையே தனியாக வரைய வேண்டும்.

மென்பொருளில் நிழல் பார்க்கும்போது, வீடு மதுரையில் என்றால் இடத்தை மதுரை என்று கொடுத்தே ஆக வேண்டும். மதுரை 9.9 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் வடக்கிலிருந்து விழுவதால் வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேட் தேவை. டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் தெற்கே 56.6 டிகிரி உயரத்தில் நிற்கும். 2 அடி சன்ஷேட் தெற்கு ஜன்னலில் 3 அடிக்கு நிழல் தரும். 4 அடி ஜன்னலில் கீழ் 1 அடிக்கு வெயில் படும்.

அந்தச் சன்ஷேடின் வெட்டுமுகத்தில், அடிப்பக்கம் வெளியோரத்தை ஒட்டி அரை அங்குலப் பள்ளம் ஒன்று சேர்த்து வரையுங்கள். பள்ளம் இல்லையென்றால் ஐப்பசி மழைத் தண்ணீர் அடிப்பரப்பைப் பற்றிக்கொண்டே சுவர்வரை ஓடிக் கறையாக்கும். பள்ளம் இருந்தால் அங்கேயே சொட்டிவிடும். கொத்தனார் கையில் போகும் தாளில் அது இருந்தால்தான் சுவரிலும் இருக்கும்.