வளையலை வட்டிக்கு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேளுங்கம்மா

போன வாரமும் எங்க பேங்குக்கு ஒருத்தங்க வந்தாங்க. திருமங்கலம் பக்கம், ரெண்டு புள்ளைங்க, பி.எட். சேர ஃபீஸுக்கு வளையலை மூணு வட்டிக்கு வச்சிருக்காங்க, 40,000 ரூபா. மாசம் 1,200, ரெண்டு வருஷ கோர்ஸ் முடியறதுக்குள்ள வட்டி மட்டும் 28,800 போயிரும், அசல் அப்படியே நிக்கும். ஏம்மா பேங்குல கேக்கலன்னு கேட்டா, "கல்யாணமாகி புள்ள பெத்தவளுக்கு எவன் சார் லோன் குடுப்பான்?"

லோன் செக்சன்ல இதையே கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. குடுப்பாங்கம்மா! கல்யாணமானவங்கன்னா புருஷனோ, அப்பா அம்மாவோ, மாமனார் மாமியாரோ கூடச் சேந்து கையெழுத்துப் போடலாம்னு கல்விக்கடன் விதியிலயே இருக்கு, அப்பா வந்தே ஆகணும்னு இல்ல, புள்ள இருக்கான்னு யாரும் கேக்கப்போறதும் இல்ல. 4 லட்சம் வரைக்கும் நம்ம பங்குன்னு கைக்காசு போட வேண்டியதில்ல, சொத்து ஜாமீனும் கேக்கக்கூடாது. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணையும் கிடையாது. காலேஜுக்கு அங்கீகாரம் இருக்கணும், அவ்வளவுதான். அஞ்சல் வழின்னா பெரும்பாலும் கிடைக்காது, சேர்றதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க.

ஒண்ணு கவனிங்க, புருஷன் பைக் டியூவ விட்டு சிபில் (கடனை ஒழுங்கா கட்டுறாங்களான்னு காட்டுற மார்க்கு) கெட்டுக் கிடந்தா அவரை இழுத்துட்டு வராதீங்க, உங்க அப்பாவைக் கூட்டிட்டு வாங்க. (பாதி ஃபைல் இங்கதான் சாகுது.)

லோன்ல ஃபீஸ், புக், லேப்டாப் வரும். புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா ஆகுற செலவும், சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கிற பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குடுக்கிறதும் வராது. நான் பாத்த வரைக்கும் படிப்ப பாதியில விட்டவங்க முக்கால்வாசிப் பேரு ஃபீஸால விடல, இந்தச் சில்லற செலவுக்குக் குழு லோன் வாங்கி வாரத் தவணையில மாட்டித்தான் விட்டாங்க. தயவுசெஞ்சு அதை மட்டும் செய்யாதீங்க. ரெண்டு வயசானா அங்கன்வாடில விடுங்க, சாப்பாடும் குடுத்துருவாங்க. காலேஜுக்கு சாதா டவுன் பஸ்ல போங்க, 2021லேருந்து பொம்பளைங்களுக்கு டிக்கெட்டே இல்ல, ஷேர் ஆட்டோவுக்கு ஏன் அழுவுறீங்க?

அட்மிஷன் லெட்டர், ஃபீஸ் விவரம், மார்க்ஷீட், ஆதார், பான் எல்லாம் எடுத்துக்கிட்டு கல்விக்கடனுக்குன்னே இருக்குற வித்யாலட்சுமி வெப்சைட்ல விண்ணப்பம் போடுங்க. மார்ச் கடைசியில மட்டும் வந்துராதீங்க, வருஷக் கணக்கு முடிக்கிறதுல எங்களுக்கே தல சுத்திக்கிட்டு இருக்கும். கவுண்டர்ல எவராச்சும் "இல்ல"ன்னு வாயால சொன்னா எந்திரிச்சு வந்துராதீங்க, காரணத்தை எழுத்துல கேளுங்க, கல்விக்கடனை மேலதிகாரி ஒப்புதல் இல்லாம கிளை மட்டத்துலயே தள்ளிவிட முடியாது.