புது ஸ்போர் கண்டதும் பெயர் வைக்காதீர்கள்

ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் பொருத்திவிட்டு ஓரமாக நின்றார் ஆய்வு மாணவர். காட்டில் பிடித்த கம்பளிப்பூச்சியின் குடலை அரைத்து எடுத்த சாறு. "மைக்ரோஸ்போரிடியா சார், புது இனம். பெயர்கூட யோசித்துவிட்டேன்." பூச்சிகளின் செல்லுக்குள் வாழும் நுண்ணிய ஒட்டுண்ணிகள் அவை; ஸ்போர் என்பது அவை பரவ உதவும், விதை போன்ற மணி.

முட்டை வடிவ மணிகள் நிறையப் பளபளத்தன. திருகை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால், ஒரு மணியின் தோளில் குட்டி மணி ஒட்டியிருந்தது. ஈஸ்ட்தான் இப்படி மொட்டு விடும். மைக்ரோஸ்போரிடியாவின் ஸ்போர் விடாது.

பட்டுப்புழு முட்டைகளை உற்பத்தி செய்யும் வித்தகத்தில் தாய் அந்துப்பூச்சிகளை அரைத்து, இந்த ஒட்டுண்ணிகளால் பட்டுப்புழுவுக்கு வரும் பெப்ரின் நோயின் ஸ்போரைத் தேடுவது என் அன்றாட வேலை. 1860களில் பிரான்சில் லூயி பாஸ்டர் காட்டிய வழி அது. ஸ்போர் தென்பட்டால் அந்தத் தாயின் முட்டைகளை அழித்துவிடுவோம். நோய் முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். என்ன இனம் என்று அங்கே யாரும் மெனக்கெடுவதில்லை. காட்டு அந்துப்பூச்சியில் கேள்வியே அதுதான். மூன்று நான்கு மைக்ரான் நீளமுள்ள மணியின் தோற்றம் அதற்குப் பதில் சொல்லாது.

ஐரோப்பாவின் ஓக் காடுகளை மொட்டையடிக்கும் லிமாண்ட்ரியா டிஸ்பார் புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உடலில் எட்டெட்டாகப் பொட்டலம் கட்டியதுபோல் ஸ்போர்களை உண்டாக்கும் ஓர் ஒட்டுண்ணிக்கு 1956இல் தெலோஹானியா டிஸ்பாரிஸ் என்று பெயர் வைத்தார்கள். அதே ஒட்டுண்ணி பொட்டலம் இல்லாத தனி ஸ்போர்களையும் உண்டாக்கும். அவற்றை மட்டும் பார்க்கிறவர் நோசிமா என்ற வேறொரு பேரினம் என்றுதான் எழுதுவார். மரபணு வரிசையையும் சேர்த்துப் பார்த்து, 2006இல் அதை வைரிமார்பா டிஸ்பாரிஸ் என்று மாற்றினார்கள்.

ஆகவே பெயருக்கு முன்னால் வேலை நிறைய இருக்கிறது. ஸ்போரை இலையில் தடவி, நோயில்லாத புழுக்களுக்குக் கொடுத்து, நோய் குடலோடு நிற்கிறதா, கொழுப்புத் திசுவுக்கும் பட்டுச் சுரப்பிக்கும் பரவுகிறதா என்று நாள்வாரியாக அறுத்துப் பார்க்க வேண்டும். ஸ்போருக்குள் நீண்ட குழாய் ஒன்று சுருண்டு கிடக்கும். புழுவின் குடலில் அது வெளியே பாய்ந்து செல்லைத் துளைக்கும். அதன் சுற்றுகளை எண்ண எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேண்டும். பிறகு ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுவின் வரிசையைப் பார்க்க வேண்டும். இதில் பொறுமையைச் சோதிப்பது புழு வளர்ப்புதான். மாணவர்கள் தாண்டிக் குதிக்கப் பார்ப்பதும் அதைத்தான்.

இன்னொன்று. காட்டில் புழு பிடித்த டப்பாவோடு வளர்ப்பு அறைக்குள் நுழையாதீர்கள். நோயுற்ற புழுவின் எச்சத்திலும் ஸ்போர் இருக்கும். மருத மரங்களில் டசர் பட்டுப்புழு வளர்க்கும் ஜார்க்கண்டு போன்ற இடங்களில் புழு வெட்டவெளியில்தான் மேய்கிறது. அங்கே இன்னும் கவனம் தேவை.

அன்று மாணவர் கிளம்பியதும் மேசையை பிளீச்சிங் கரைசலால் துடைத்தேன், ஈஸ்ட் என்று தெரிந்தும்.