வண்ணாரப்பேட்டையில் மாரியோ ஏன் மெதுவாக ஓடினான்?

யூடியூபில் ஜப்பானிலோ அமெரிக்காவிலோ பதிவான பழைய மாரியோ ஆட்டம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். தொண்ணூறுகளில் வண்ணாரப்பேட்டை, காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கம் அதை ஆடி வளர்ந்தவர் என்றால், சில நொடியிலேயே காதில் ஏதோ இடறும். பாட்டு அவசரப்படுகிறது. மாரியோவும் பதறிக்கொண்டு ஓடுகிறான். வீடியோவை யாரும் வேகமாக ஓட்டவில்லை. நம் வீட்டு மாரியோதான் மெதுவாக ஓடியிருக்கிறான், ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெதுவாக.

ஏன் என்று தேடிப் போனால், அந்தக் கால கேம் பெட்டி தனியாக ஒரு மெஷினே கிடையாது என்பது பிடிபடும். பிக்சர் டியூப் டிவியோடு சேர்ந்தால்தான் அது முழு மெஷின்.

பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரிலிருந்து அட்டைப் பெட்டியோடு வீட்டுக்கு வந்த 'டிவி கேம்'களின் மேல் என்னென்னவோ பெயர் ஒட்டியிருக்கும். உள்ளே இருந்த மூளை பெரும்பாலும் ஒன்றுதான்: 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் நின்டெண்டோ விற்பனைக்கு விட்ட ஃபேமிகாம். விலை 14,800 யென். வடிவமைப்புக்குத் தலைமை தாங்கியவர் மசயுகி உவெமுரா. கடைத்தெரு மெஷின்களில் காசு போட்டு ஆடிய டாங்கி காங் வீட்டு டிவியிலும் அதே மாதிரி தெரிய வேண்டும், ஆனால் பெட்டி மலிவாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் முன் இருந்த கணக்கு.

இதையே 1985இல் அமெரிக்காவுக்கு என்.இ.எஸ். என்று பெயர் மாற்றிக் கொண்டுபோனபோது, நின்டெண்டோ உள்ளே ஒரு பூட்டு சிப்பை வைத்தது. பெட்டியில் ஒன்று, ஆட்டம் பதிந்த கேசட்டில் ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளாவிட்டால் ஆட்டம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். ஜப்பான் பெட்டியில் அந்தப் பூட்டு இல்லை. அதனால் தைவானிலும் ஹாங்காங்கிலும் நகல் எடுத்தவர்கள் அமெரிக்கப் பெட்டியின் பக்கமே போகாமல் ஜப்பான் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். நம் ஊர் கேசட்டுகளில் 60 பின் இருப்பதும் அதனால்தான். அமெரிக்கக் கேசட்டுக்கு 72.

சரி, மலிவாக எப்படிச் செய்தார்கள்? மெமரியில் கையை வைத்தார்கள். டிவியில் இந்தப் பெட்டி காட்டும் படம் 256க்கு 240 புள்ளி, அதாவது மொத்தம் 61,440 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் நான்கே நிறம் என்று வைத்தாலும், ஒரு முழுப் படத்தைச் சேமிக்க 15 கிலோபைட் வேண்டும். பெட்டியில் படத்துக்கென்று இருந்தது 2 கிலோபைட். ஆட்டத்தின் கணக்கு வழக்குக்கு இன்னொரு 2 கிலோபைட். அவ்வளவுதான். 1983இல் ரேம் எனப்படும் அந்த மெமரி சிப் அவ்வளவு விலை.

ஆகவே இந்தப் பெட்டி படத்தைச் சேமிப்பதே இல்லை. ஜார்ஜ் டவுன் அச்சகங்களில் ஈய எழுத்தைப் பொறுக்கிப் பக்கம் கோர்த்ததுபோல, எட்டுக்கு எட்டு புள்ளி கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களை அடுக்கித் திரையைக் கட்டுகிறது. பின்னணிக்கு 256 கட்டம், நகரும் உருவங்களுக்கு 256 கட்டம். இவை கேசட்டுக்குள் அழியாமல் பதிந்திருக்கும். பெட்டியின் மெமரியில் இருப்பது எந்த இடத்தில் எந்த எண் கட்டம் என்ற பட்டியல் மட்டும். திரைக்கு 32க்கு 30 கட்டம், ஆக 960 பைட். நிறக் குறிப்புக்கு 64 பைட். கூட்டினால் சரியாக 1,024. இரண்டு திரைக்கான பட்டியல் 2 கிலோபைட்டில் கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது. மாரியோ வலது பக்கம் ஓட ஓட, இந்த இரண்டு திரைகளில் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தைப் பெட்டி கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே வரும்.

1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட்தான்: ஆட்டத்துக்கு 32, படங்களுக்கு 8. கஞ்சத்தனம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், வானத்து மேகத்தையும் தரையில் உள்ள புதரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே படம். வெள்ளை போட்டால் மேகம், பச்சை போட்டால் புதர்.

இப்போது டிவிக்கு வருவோம். பிக்சர் டியூபின் பின்னாலிருந்து ஓர் எலெக்ட்ரான் கற்றை கண்ணாடியின் மேல் இடமிருந்து வலமாக வரி வரியாக ஓடும். அடிமட்டம் வரை வந்ததும் மறுபடி மேலே போகும். கற்றை எந்தப் புள்ளியில் நிற்கிறதோ, அந்தப் புள்ளியின் நிறத்தை அதே கணத்தில் பெட்டி தயாரித்து அனுப்ப வேண்டும். சேமித்து வைத்த படம் இல்லையே. கற்றை காத்திருக்காது. ஜப்பான் டிவி முறையில் ஒரு வரிக்குக் கிடைப்பது சுமார் 63 மைக்ரோநொடி.

கான்ட்ரா என்ற சுடும் ஆட்டத்தில் உருவங்கள் மினுமினுத்தது ஏன் என்று இப்போது சொல்லிவிடலாம். ஆள், எதிரி, குண்டு எல்லாம் 'ஸ்பிரைட்' எனப்படும் தனித் துண்டுகள். மொத்தம் 64 துண்டு வைத்துக்கொள்ளலாம். கற்றை ஒரு வரியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த வரியில் எந்தெந்தத் துண்டு வருகிறது என்று பட சிப் பட்டியலைப் புரட்டும். எட்டு கிடைத்ததும் நிறுத்திவிடும். ஒன்பதாவது துண்டு அந்த வரியில் தெரியவே தெரியாது. இருவர் சேர்ந்து ஆடும்போது ஒரே உயரத்தில் நாலு எதிரி, பத்து குண்டு என்றால் யாரோ ஒருவர் மறைந்தே ஆக வேண்டும். ஒருவரே நிரந்தரமாக மறைந்தால் ஆட்டம் அநியாயமாகிவிடும் என்பதால், ஒவ்வொரு படத்துக்கும் (திரை ஒருமுறை வரையப்படுவது ஒரு படம்) துண்டுகளின் வரிசையை மாற்றிப் போட்டார்கள். அதனால் எல்லோரும் முறை வைத்து மறைந்தார்கள். நாம் டிவியின் தலையில் தட்டினோம். டிவி மேல் ஒரு தப்பும் இல்லை.

மாரியோவில் திரை நகர்ந்தாலும் மேலே ஸ்கோர் மட்டும் அசையாமல் நிற்கும். பெட்டிக்கோ ஒரே பின்னணிதான். நகர்த்தினால் முழுசும் நகரும். அப்புறம் எப்படி? ஸ்கோர் வரியில் உள்ள காசுப் படத்தின் அடியில் முதல் ஸ்பிரைட்டை ஒளித்து வைத்திருக்கிறார்கள். கற்றை அந்த இடத்தைத் தாண்டியதும் பட சிப் ஒரு கொடியை உயர்த்தும். மூளைச் சிப் அதுவரை காத்திருந்து, கொடி ஏறியதும் மிச்சத் திரையை நகர்த்திவிடும். திரையின் மேல்பகுதி வரையப்பட்ட பிறகு கீழ்ப்பகுதிக்கு வேறு உத்தரவு. இது ஒவ்வொரு படத்துக்கும் நடக்கும். இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இதுதான்.

கற்றை அடியிலிருந்து மேலே திரும்பும் இடைவெளியில்தான் பெட்டிக்கு மூச்சு விட நேரம். மெமரியில் உள்ள படப் பட்டியலை அப்போதுதான் பத்திரமாகத் திருத்த முடியும். ஜப்பான் முறையில் அது சுமார் 1.3 மில்லிநொடி. இடைவெளி வந்துவிட்டது என்ற சமிக்ஞையைத்தான் ஆட்டம் கடிகாரமாக வைத்துக்கொள்கிறது. ஒரு சமிக்ஞைக்கு மாரியோ இத்தனை புள்ளி நகர வேண்டும், பாட்டில் இத்தனை சமிக்ஞைக்கு ஒரு ஸ்வரம் என்பதே கணக்கு. ஜப்பானில் நொடிக்கு 60 சமிக்ஞை வரும். நம் டிவி முறையில் 50தான். அறுபதுக்கு எழுதிய ஆட்டம் ஐம்பதில் ஓடியதால், மாரியோவும் பாட்டும் மேலே ஓடும் நேரக் கணக்கும் எல்லாமே ஒரே அளவில் தளர்ந்தன. ஆனால் பாட்டின் சுருதி பெரிதாக இறங்கவில்லை. சுருதி சிப்பின் துடிப்பு வேகத்திலிருந்து வருகிறது. நம் முறைக்கென்று செய்த நகல் சிப்புகளில் அந்தத் துடிப்பு மூலத்தைவிட ஒரு சதவீதம்தான் குறைவு. அதே ராகம், கொஞ்சம் விளம்பகாலம்.

இதில் ஒரு லாபமும் உண்டு. ஜப்பான் முறையில் ஒரு படத்துக்கு 262 வரி, நம் முறையில் 312. கூடுதலாகக் கிடைக்கும் 50 வரி நேரத்தில் நகல் சிப் எதையும் வரையாது. ஆனால் மூளைச் சிப் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். எதிரிகள் கூட்டமாக வரும் இடத்தில் ஜப்பான் பெட்டி திணறினால், நம் பெட்டி அவ்வளவாகத் திணறாது. ஜப்பான் முறைப் பெட்டியையே நேராகக் கொண்டுவந்து நம் பழைய டிவியில் செருகியவர்களுக்கு நிறம் போயிருக்கும், இல்லையென்றால் படம் மேல்நோக்கி உருண்டுகொண்டே இருந்திருக்கும்.

சத்தத்துக்கு ஐந்து குரல்: மெட்டுக்கு இரண்டு, அடித்தளத்துக்கு ஒன்று, இரைச்சலுக்கு ஒன்று, பதிந்த ஒலிக்கு ஒன்று. மாரியோ குதிக்கும் சத்தம் மெட்டுக் குரல் ஒன்றைப் பறித்துக்கொள்ளும். குதிக்கும்போது பாட்டு லேசாக மெலிவதைக் கவனித்துப் பாருங்கள்.

அடுத்தது எல்லோரும் செய்த காரியம், கேசட்டை ஊதுவது. ராயபுரம், காசிமேடு காற்றில் உப்பு உண்டு. செம்புத் தகடுகளில் பாசி பிடித்தாற்போல ஒரு படலம் படியும். வாயால் ஊதினால் எச்சிலின் ஈரம் சேர்ந்து படலம் இன்னும் கூடத்தான் செய்யும். ஊதிய பிறகு ஆட்டம் வந்ததற்குக் காரணம், கேசட்டைக் கழற்றி மறுபடி செருகியதில் தகடுகள் உரசிச் சுத்தமானது. பென்சில் ரப்பரால் தேய்த்தவர்கள்தான் விவரமானவர்கள்.

எந்தப் பின் ஒட்டவில்லை என்பதைத் திரையைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். கேசட்டிலிருந்து இரண்டு தனித்தனி வழிகள் பெட்டிக்குள் போகின்றன. ஒன்று ஆட்டத்தின் கட்டளைகளை மூளைச் சிப்புக்குக் கொண்டுபோகும். மற்றொன்று படக் கட்டங்களைப் பட சிப்புக்குக் கொண்டுபோகும். முதல் வழியில் பழுது என்றால் ஆட்டம் தொடங்காது. திரை ஒரே நிறத்தில் நிற்கும். இரண்டாவது வழியில் பழுது என்றால் பாட்டு ஒழுங்காக வரும், குதித்தால் சத்தமும் வரும், ஆனால் திரையில் கந்தரகோலமாக ஏதேதோ துண்டுகள் கிடக்கும். பட சிப் கேட்டது ஒரு கட்டம், கிடைத்தது வேறொன்று.

'9999 இன் 1' கேசட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே சில ஆட்டங்கள்தான் இருக்கும். அதே ஆட்டத்தை இரண்டாம் லெவலிலிருந்து, மூன்றாம் லெவலிலிருந்து என்று தொடங்கவைத்து, வேறு பெயர் வைத்து எண்ணிக்கையை ஏற்றிவிடுவார்கள்.

டிவியில் வாத்து சுடும் விளையாட்டுத் துப்பாக்கி அப்படி இல்லை, அது நிஜமாகவே புத்திசாலித்தனம். அதிலிருந்து எதுவும் வெளியே போகாது. குழலுக்குள் இருப்பது ஒளியை உணரும் ஒரு சின்ன டையோடு. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக் கறுப்பாகும். அடுத்த கணத்தில் வாத்து இருந்த இடத்தில் வெள்ளைச் சதுரம் வரும். கறுப்பில் ஒளி இல்லாமல், சதுரத்தில் ஒளி தெரிந்தால் வாத்து காலி. டியூப்லைட்டைக் குறிவைத்து ஏமாற்ற முடியாமல் போனதற்குக் காரணம், கற்றை வரி வரியாக ஓடும் துடிப்புக்கு, அதாவது நொடிக்குச் சுமார் 15,000 முறை, மட்டுமே உள்ளே உள்ள சுற்று காது கொடுக்கும். இன்றைய எல்.இ.டி. டிவியில் கற்றையே கிடையாது. படமும் கொஞ்சம் தாமதமாகத்தான் திரைக்கு வரும். துப்பாக்கி எத்தனை முறை சுட்டாலும் வாத்து சிரித்துக்கொண்டுதான் பறக்கும்.

தண்டையார்பேட்டையில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த ஒருவர் இப்படி ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். ஓரத்தில் அலுமினியத் தகடு மாட்டிய 7805, அது அடாப்டரின் 9 வோல்டை 5 ஆகக் குறைப்பது. ஆன்டெனா ஒயர் கிளம்பும் இடத்தில் ஒரு தகரக் கூடு. பெட்டியின் படத்தை டிவி சேனலாக மாற்றுவது அதுதான். நடுவில் காசு அளவுக்குக் கறுப்பாக ஒரு கட்டி. ஃபேமிகாமில் தனித்தனியாக இருந்த மூளையும் படமும் சேர்ந்த ஒரே சிப்பை, கூடு போடாமல் நேராகப் பலகையில் ஒட்டி, மேலே எபாக்சிப் பசையை ஊற்றி மூடியிருந்தார்கள்.

"இன்னா தம்பி இருக்குது இதுல? 7805 போச்சுன்னா மாத்திக் குடுத்துருவேன். அந்தக் கறுப்பு போச்சுன்னா கைய வெச்சி பிரயோஜனம் இல்ல" என்றார்.

பரணில் இன்னும் அந்தப் பெட்டி இருந்து, மாட்டிப் பார்க்க ஆசை வந்தால், மஞ்சள் ஏ.வி. ஒயரில் மாட்டுங்கள். ஆன்டெனா வழியைவிடப் படம் தெளிவாக இருக்கும். புது டிவிகள் பல, இந்தப் பெட்டியின் படத்தைச் சாதாரண டிவி ஒளிபரப்பு என்று நினைத்து அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒன்றாக ஒட்டிவிடும். அப்போது மினுமினுக்கும் உருவங்கள் கோடு கோடாகத் தெரியலாம். பெட்டி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பெட்டியை மாட்டும் முன் அடாப்டரைப் பாருங்கள். உள்முனை மைனஸா, பிளஸ்ஸா என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். ஃபேமிகாமில் உள்முனை மைனஸ். வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடாப்டரில் பெரும்பாலும் உள்முனை பிளஸ், அதை எடுத்துச் செருகிவிடாதீர்கள்.