கேட்ட சாளரம் ஏன் திறக்கவில்லை?

விம் என்ற உரை எடிட்டரின் மூலநிரலை இறக்கி, வரைகலை இடைமுகத்தோடு (தனிச் சாளரத்தில் திறக்கும்படி) வேண்டும் என்று கேட்டுக் கம்பைல் செய்கிறீர்கள், அதாவது இயங்கும் நிரலாக மாற்றுகிறீர்கள். திரையில் வரிகள் சரசரவென ஓடுகின்றன. பிழை எதுவும் வரவில்லை, நிறுவலும் முடிந்துவிடுகிறது. ‘விம் -ஜி’ என்று தட்டினால் மட்டும் ‘ஈ25’ என்ற எண்ணோடு ஒரு செய்தி வருகிறது: வரைகலை இடைமுகத்தைப் பயன்படுத்த முடியாது, கம்பைல் செய்தபோது அது சேர்க்கப்படவில்லை.

மூலநிரலிலிருந்து எடிட்டரைக் கட்டுகிறவர்களில் பலர் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். விம்மின் அமைப்புக் கோப்பில் ஏதோ ஒரு வரியை மாற்றினால் சரியாகிவிடும் என்று தேடத் தொடங்குகிறார்கள். எத்தனை வரி மாற்றினாலும் பலன் இருக்காது.

பிராம் மூலினார் 1991இல் வெளியிட்ட விம், முதலில் அமிகா கணினிக்கானது. வரைகலை இடைமுகம் 1996இல் நான்காம் பதிப்போடு வந்தது. சாளரங்களை வரைய உதவும் நிரல் நூலகமான ஜிடிகேயின் மூன்றாம் பதிப்புக்கு (ஜிடிகே3) ஆதரவு 2016இல் விம்மின் எட்டாம் பதிப்பில் சேர்ந்தது. திரையே இல்லாத சர்வரிலும், சாளரங்கள் நிறைந்த மேசைக் கணினியிலும் ஒரே மூலநிரல் ஓட வேண்டும். ஆகவே சாளரம் தொடர்பான வரிகளைச் சுற்றி ‘இந்தப் பெயர் வரையறுக்கப்பட்டிருந்தால் மட்டும்’ என்ற நிபந்தனையைப் போட்டு வைத்திருக்கிறார்கள். சி மொழியின் முன்செயலி, கம்பைலருக்கு முன்பாகவே கோப்பைப் படிக்கிறது. அந்தப் பெயர் வரையறுக்கப்படவில்லை என்றால், ‘இஃப்டெஃப்’ வரிக்கும் ‘எண்டிஃப்’ வரிக்கும் இடையில் உள்ளதை அப்படியே நீக்கிவிடுகிறது. கம்பைலர் அந்த வரிகளைப் பார்ப்பதே இல்லை. சாளரம் திறக்கும் நிரல் உள்ளே எங்கோ உறங்கிக் கிடப்பதாக நினைக்க வேண்டாம்; உருவான நிரலில் அது இல்லவே இல்லை.

அந்தப் பெயரை வரையறுக்கலாமா என்று முடிவு செய்வது ‘கான்ஃபிகர்’ என்ற ஸ்கிரிப்ட். அது ஊகத்தில் இறங்குவதில்லை, ஒவ்வொன்றையும் செய்து பார்த்தே தெரிந்துகொள்கிறது. ஒரு வசதி இருக்கிறதா என்று அறிய, சில வரிகளில் ஒரு குட்டி சி நிரலை எழுதி, அதைக் கம்பைல் செய்து பார்க்கிறது. வெற்றி என்றால் ‘யெஸ்’, தோல்வி என்றால் ‘நோ’. குட்டி நிரலை அழித்துவிட்டு அடுத்த சோதனைக்குப் போய்விடுகிறது. ஜிடிகே விஷயத்தில் இன்னும் ஒரு படி உண்டு. தலைப்புக் கோப்புகள் எங்கே இருக்கின்றன, எந்தெந்த நூலகங்களோடு இணைக்க வேண்டும் என்று முதலில் ‘பிகேஜி-கான்ஃபிக்’ என்ற கருவியிடம் கேட்கிறது.

சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். ‘ஜிடிகேதான் ஏற்கெனவே இருக்கிறதே, எத்தனையோ செயலிகள் அதில்தானே ஓடுகின்றன?’ என்று தோன்றும். அவை ஓடத் தேவையானது இயந்திர மொழியில் உள்ள நூலகக் கோப்பு மட்டுமே. புதிதாக ஒரு நிரலைக் கம்பைல் செய்ய அது போதாது. எந்தச் செயல்கூறு எத்தனை மதிப்புகளை வாங்கும், எதைத் திருப்பித் தரும் என்று அறிவிக்கும் தலைப்புக் கோப்புகள் வேண்டும். பிகேஜி-கான்ஃபிக் படிக்கும் விவரக் கோப்பும் வேண்டும். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் இவை ‘-டெவ்’ என்று முடியும் தனித் தொகுப்பில் இருக்கின்றன, ஃபெடோராவில் ‘-டெவெல்’. அதை நிறுவாதவரை கேள்விக்குப் பதில் ‘நோ’தான்.

அந்த ‘நோ’ ஓடும் வரிகளுக்கு நடுவே கரைந்துபோகிறது. கான்ஃபிகர் நிற்காமல், டெர்மினலுக்கு (கட்டளைகளைத் தட்டும் எழுத்துத் திரைக்கு) மட்டுமான எடிட்டரைக் கட்ட ஏற்பாடு செய்துவிடுகிறது. எதையும் குறிப்பிட்டுக் கேட்காதபோது இது நல்ல குணம். எந்தக் கணினியிலும் ஏதோ ஒரு விம் கிடைத்துவிடும். ‘ஜிடிகே3 வேண்டும்’ என்று வாய்விட்டுக் கேட்ட பிறகும் இப்படிச் செய்வது சரியில்லை என்பதே என் கருத்து. இதற்கென்றே ‘எனேபிள்-ஃபெயில்-இஃப்-மிஸ்ஸிங்’ என்ற விருப்பம் இருக்கிறது. கேட்டது கிடைக்காவிட்டால் அங்கேயே நின்று காரணம் சொல்லும். எப்போதும் அதைச் சேர்த்தே இயக்குங்கள்.

விட்டுப்போன தொகுப்பை நிறுவிய பிறகும் பழைய விடையே வருகிறதா? கான்ஃபிகர் தன் சோதனை முடிவுகள் பலவற்றை ஒரு கோப்பில் சேமித்து, அடுத்த முறை அதையே நம்புகிறது. ‘மேக் டிஸ்ட்க்ளீன்’ கொடுத்து அதை அழித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எல்லாம் கூடிவந்தால் நிறுவலின் முடிவில் ‘ஜிவிம்’ என்று இன்னொரு நிரல் தென்படும். அது தனி நிரல் இல்லை, விம்முக்கே போகும் குறியீட்டு இணைப்பு. விம் தொடங்கியதும் தன்னை எந்தப் பெயரால் அழைத்தார்கள் என்று பார்க்கிறது. ‘ஜி’யில் தொடங்கினால் சாளரத்தைத் திறக்கிறது. மிக எளிமையான, மிக அழகான ஏற்பாடு இது.

வரைகலை இடைமுகத்துக்கு விலையும் உண்டு. ஒரு நிரலுக்கு எந்தெந்த நூலகங்கள் தேவை என்று காட்டும் ‘எல்டிடி’ கட்டளையால் இரண்டு வகை விம்மையும் பார்த்தால் வேறுபாடு தெரியும். டெர்மினல் விம் சில நூலகங்களை மட்டுமே கேட்கும். வரைகலை விம்மின் பட்டியலோ பக்கம் தாண்டி நீளும். அவற்றில் ஒன்று காணாமல் போனாலும் எடிட்டர் தொடங்கவே தொடங்காது, டெர்மினலில்கூட. டெபியன் சாளரமில்லாத விம்மையும் ஜிடிகே3 விம்மையும் தனித்தனித் தொகுப்புகளாகத் தருவதில் நியாயம் இருக்கிறது.

சாளரமே வேண்டாம் என்பவர்களும் சில நேரம் திரையில் சாளரங்களைக் கையாளும் எக்ஸ்11 அமைப்பின் நூலகத்தோடு கம்பைல் செய்கிறார்கள். டெர்மினல் விம்மில் நகலெடுத்ததை மற்ற செயலிகளில் ஒட்ட அது ஒரு வழி. பதிப்பு விவரத்தில் ‘கிளிப்போர்டு’ என்ற சொல்லுக்கு முன் கூட்டல் குறி இருந்தால் அந்த வசதி உள்ளே வந்துவிட்டது என்று அறியலாம். தொலைவிலுள்ள கணினியில் எக்ஸ் இணைப்போடு வேலை செய்யும்போது, கிளிப்போர்டுக்காக விம் உங்கள் திரையைத் தொடர்புகொள்ளக் காத்திருப்பதால் தொடக்கம் தாமதமாகலாம். அப்போது பெரிய எழுத்து ‘-எக்ஸ்’ விருப்பத்தோடு தொடங்கினால் அந்தத் தொடர்பு தவிர்க்கப்படும்.