காப்பிக்கொட்டைக்குள் அடைபட்ட காற்று

ஷார்ஜாவில் பணிபுரியும் வாசகர் ஒருவர் ஒரு சந்தேகத்தை எழுதி அனுப்பியிருக்கிறார். அவர் வழக்கமாகச் செல்வது தந்தையும் இரண்டு மகன்களும் நடத்தும் ஒரு ‘மஹ்மசா’. பருப்பு வகைகளையும் காப்பிக்கொட்டையையும் ஒரே கூரையின் கீழ் வறுத்து விற்கும் கடைக்கு அரபு நாடுகளில் அதுதான் பெயர். அங்கே முந்திரியையும் பிஸ்தாவையும் சூடு ஆறுவதற்குள் அள்ளித் தருகிறார்கள். காப்பிக்கொட்டையை மட்டும் மூன்று நாளுக்கு முன் வறுத்ததாகப் பார்த்துத் தருகிறார்கள். பழைய சரக்கைத் தன் தலையில் கட்டுகிறார்களோ என்பது அவர் கேள்வி. அப்படியில்லை, அந்தக் குடும்பம் தன் தொழிலை நன்றாக அறிந்திருக்கிறது.

வறுபடும்போது பருப்பு, காப்பிக்கொட்டை இரண்டிலும் நிகழும் வேதியியல் பெரும்பாலும் ஒன்றுதான். சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் உண்டாக்குகின்றன. 1912இல் இதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மெய்லார்டின் பெயரால் இது ‘மெய்லார்டு வினை’ எனப்படுகிறது. வறுத்த நிலக்கடலையின் வாசனையிலும் காப்பியின் வாசனையிலும் ஏதோ ஓர் உறவு தெரிவதற்குக் காரணம், இரண்டிலும் உருவாகும் பைரசின் என்னும் சேர்மங்கள்.

வேறுபாடு செல்சுவரில் இருக்கிறது. முந்திரியின் செல்சுவர் மெல்லியது. உள்ளே உருவாகும் நீராவி எளிதாக வெளியேறிவிடும். காப்பிக்கொட்டையின் செல்சுவரோ மிகத் தடிமனானது. செல்களுக்கு நடுவே இடைவெளியும் அநேகமாகக் கிடையாது. பச்சைக் கொட்டையில் எடைக்கு 10 முதல் 12 சதவீதம் நீர் உண்டு. கொட்டையை வறுக்கும் உருளை சூடேற அந்த நீர் ஆவியாகிறது, சர்க்கரைகளும் அமிலங்களும் சிதைந்து கரியமில வாயு பிறக்கிறது, இரண்டும் வெளியேற வழியின்றி உள்ளேயே அழுத்தம் ஏற்றுகின்றன. இந்த நேரத்தில்தான் அழகான ஒன்று நடக்கிறது. அறை வெப்பத்தில் கண்ணாடியைப் போல இறுகிக் கிடந்த செல்சுவர், சூட்டில் ரப்பரைப் போல நெகிழ்ந்துவிடுகிறது. ஆகவே கொட்டை உடனே உடையாமல் ஊதிப் பெருக்கிறது. ஏறத்தாழ 196 டிகிரி செல்சியசில் சுவர்கள் ஆங்காங்கே விரிசல் விட, உருளைக்குள்ளிருந்து சோளம் பொரிவதைப் போன்ற ‘பட் பட்’ ஓசை எழுகிறது. அனுபவமுள்ள வறுவல்காரர் அடுத்த வேலை எதுவாக இருந்தாலும் நிறுத்திவிட்டு அந்த ஓசைக்குக் காது கொடுப்பார். சில நிமிடம் தாமதித்தால் சுவை கசப்பின் பக்கம் சாய்ந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

கொட்டையை அகன்ற தட்டில் கொட்டிக் காற்றடித்து ஆற்றியதும் செல்சுவர் மறுபடி கண்ணாடியாக இறுகுகிறது. விரிசல் வழியே தப்பியது போக மீதமிருக்கும் கரியமில வாயு உள்ளேயே சிறைப்படுகிறது. அதன் அளவு கொட்டையின் எடையில் 1 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவில் 10 கிராம். பள்ளியில் படித்த கணக்கின்படி 44 கிராம் கரியமில வாயு அறை வெப்பத்தில் ஏறக்குறைய 24 லிட்டர் இடம் பிடிக்கும். எனவே 10 கிராமுக்கு ஐந்தரை லிட்டர். கைக்கு அடக்கமான ஒரு பையில் இருக்கும் கொட்டைக்குள் அத்தனை வாயு! சுடச்சுட வறுத்த கொட்டையைக் காற்றுப் புகாத உறையில் அடைத்தால், மறுநாள் காலையில் அந்த உறை தலையணையைப் போல உப்பி நிற்கும். காப்பி உறைகளில் காணும் பொத்தான் அளவிலான துளை, வாயுவை வெளியே மட்டும் விடும் ஒருவழி வால்வு.

இந்த வாயு அதிகமாக இருக்கையில் காப்பி போட்டால், வெளியேறும் குமிழிகள் வெந்நீரைத் தூளிலிருந்து தள்ளிவிடும். தூள் சீராக நனையாது, சாரமும் முழுமையாக இறங்காது. சில நாள் பொறுத்தால் வாயு கொஞ்சம் தணியும். அதே வாயுதான் வெளியேறிக்கொண்டே இருப்பதால் ஆக்சிஜன் உள்ளே நுழைவதையும் தடுக்கிறது.

முந்திரிக்கு அப்படிப்பட்ட காவல் இல்லை. அதன் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு எண்ணெய். வறுக்கையில் செல்கள் சிதைந்து அந்த எண்ணெய் காற்றுக்குத் திறந்துவிடுகிறது. ஆக்சிஜன் பட்ட கொழுப்பு உடைந்து சிறு மூலக்கூறுகளாவதைத்தான் நாம் காறல் வாடை என்கிறோம். அதனால் முந்திரி வறுத்தவுடன் விற்க வேண்டிய சரக்கு.

இவ்வளவையும் கடைக்காரர்கள் மூக்காலும் காதாலும் தலைமுறை தலைமுறையாகக் கற்றிருக்கிறார்கள். உருளைக்குள் நடப்பதை அளந்து பார்க்கும் எளிய, மலிவான கருவிகள் இத்தகைய சிறு குடும்பக் கடைகளுக்குக் கிடைக்கும்படி அரசுகள் ஆய்வுக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகருக்கு ஒன்று சொல்வேன்: கொட்டையாக வாங்கிச் சென்று, குடிக்கும் வேளையில் அரைத்துக்கொள்ளுங்கள். அரைத்த சில நிமிடங்களிலேயே வாயுவின் பெரும்பகுதி போய்விடும், மணமும் கூடவே கிளம்பிவிடும். அரைத்த கையோடு ஃபில்டரில் தூளை இட்டுக் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிப் பாருங்கள். தூள் மெல்ல மேலெழும்பி, குமிழிகள் ஒவ்வொன்றாக வெடிக்கும். மூன்று நாளாக உள்ளே காத்திருந்த வாயு அது.