"டீச்சருக்கு என்ன, மே மாசம் லீவு"ன்னு இனிமே சொல்லாதீங்க

போன வாரமும் ஒரு டீச்சர் வந்தாங்க. பத்தாங்கிளாஸ் மேத்ஸ். நெஞ்சு படபடப்புக்கு இசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் பாத்தாச்சு, நார்மல். பேசிட்டிருக்கும்போதே போன் அதிருது, ஸ்கூல் வாட்ஸப் குரூப், கை தானா அந்தப் பக்கம் போகுது, பேச்சு பாதில நின்னுடுது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனாலே வயித்தப் பெசையுதாம். கூட வந்த வீட்டுக்காரர் சொல்றார், "நாலரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடுறா டாக்டர், மே மாசம் வேற லீவு, இவளுக்கு என்ன டென்ஷன்?"

இந்தப் பேச்சக் கேட்டுக் கேட்டு வெறுத்துப் போச்சு. நாலரைக்கு வர்றப்போ பேப்பர் கட்டும் கூடவேதாங்க வருது. அப்புறம் பசங்க விவரத்தையெல்லாம் எமிஸ்ல, அதாவது கல்வித்துறையோட ஆன்லைன் பதிவுல ஏத்தணும், நாளைக்கு பாடத்துக்கு தயார் பண்ணணும், பத்து மணிக்கு ஒரு பேரன்ட் "எம் புள்ளைக்கு ஏன் ரெண்டு மார்க் கொறைச்சீங்க"ன்னு கேப்பாங்க. மே மாசம்னா ரிசல்ட், ஏன் சென்டம் வரலன்னு மீட்டிங், அட்மிஷன். தேர்தல் வந்தா பூத் வேலை. சென்சஸ், பேரிடர், தேர்தல் தவிர வேற வெளிவேலைக்கு டீச்சர அனுப்பக்கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டம் 27ஆவது பிரிவுலயே இருக்கு, யார் பாக்குறா?

இப்படி வேலை அழுத்தத்துலயே ஓஞ்சு போறதத்தான் பர்ன்அவுட்ங்கிறோம். அது நோய் இல்ல, வேலையால வர்ற நிலைமைன்னு உலக சுகாதார நிறுவனம் 2019லயே தெளிவா சொல்லிடுச்சு. சக்தியே இல்லாம போறது, வேலை மேல வெறுப்பு, "நான் நடத்தி என்ன ஆகப்போகுது"ங்கிற எண்ணம், இந்த மூணும்தான் அடையாளம். வெறுப்பு மட்டும் வெளிய கோவமா தெரியும், அது விழுறது பிள்ளைங்க மேல. வேலையக் கொறைக்காம ஒருநாள் யோகா கேம்ப் வச்சா இது சரியாகாது.

ஹெச்.எம். சார், மேடம், ராத்திரி எட்டுக்கு மேல குரூப்ல மெசேஜ் போடாதீங்க. காலைல சொன்னா ஒண்ணும் கொறைஞ்சிடாது.

டீச்சர்களே, பாத்ரூம் போக நேரமில்லன்னு தண்ணி குடிக்காம இருக்காதீங்க, யூரின் இன்ஃபெக்ஷனோட எத்தன பேர் வர்றீங்க தெரியுமா. சோர்வு ரொம்ப நாளா இருந்தா ஹீமோகுளோபினும் பாத்துடுங்க, எல்லாத்தையும் மனசு மேலயே போடாதீங்க. மெடிக்கல்ல நீங்களா கேட்டு தூக்க மாத்திரை வாங்காதீங்க, தயவுசெஞ்சு. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் இல்ல, காரணமே இல்லாம அழுகை வருதுன்னா டாக்டரப் பாருங்க. வாழவே வேண்டாம்னு தோணுச்சுன்னா ஒரு நாள்கூட தள்ளிப்போடாம வீட்ல யார்கிட்டயாவது சொல்லிட்டு உடனே 14416க்கு அடிங்க, டெலி மானஸ்ங்கிற அரசாங்க மனநல உதவி எண், 24 மணி நேரமும் இருக்கு, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.